இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

ஒரு வேலையைப் பாதி மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் தைரியம், முழுதாகத் தெரிந்தவர்களுக்கு ஒருநாளும் வருவதில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில் இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியின் ஆபீஸ் அறையில், அம்மாவின் மாம்பழக் கலர் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு நின்றபோது நேரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியசாலி நானேதான்.

அப்போது பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டேனியல் சார் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் கடையில் வேலை. பிரிண்டருக்கு மை நிரப்புவது, வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்குவது, வாடிக்கையாளருக்கு டீ வாங்கி வருவது (இதில்தான் எனக்கு நல்ல பெயர்) என்று நாள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் (அப்பா, அம்மா வாயில் அது ‘லயன்’) என் மதிப்பு வேறு. அப்பாவும் அம்மாவும் சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா, சிறு விவசாயிகளிடமிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் லாரியின் டிரைவர். அந்த வரிசை வீடுகளிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான். பக்கத்து வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பேட்டரியை மாற்றிப் போட்டுவிட்டு, விஞ்ஞானி மாதிரி தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

அப்பா லாரி ஓட்டிய அதே ஃபேக்டரியின் வேலை ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தது. எடை போடும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஆபீஸில் ஒன்று, முதலாளி அறையில் ஒன்று. மூன்றையும் இணைக்க வேண்டும். கீழே மூட்டையை எடை போட்டதும் கணக்கு மேலே ஆபீஸுக்குப் போக வேண்டும். எடை மேடையில் இருக்கும் பிரிண்டரில் சீட்டு வந்து விழ வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அறிவித்தேன். “அப்பா, உங்க ஃபேக்டரியில லேன் போடப் போறோம்.”

“லயனா? ஃபேக்டரிக்குள்ள எதுக்குப் புள்ள லயன்? ஆளுங்க குடியிருக்கக் காம்பரா கட்டித் தர்றாங்களா?”

“லயன் இல்லப்பா, லேன். ஒரே கட்டடத்துக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருங்கள எல்லாம் வயர் போட்டு ஒண்ணோட ஒண்ணு சேத்து வுடறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரப் பாத்துத்தான் சேதி போகும்.”

“வரிசையா சேந்து இருக்கும், நம்பர் போட்டிருக்கும்னா அது லயன்தானே?” என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் வந்தது. பாலிடெக்னிக்கில் நான் பரீட்சை எழுதித் தேறிய ஒரு பாடத்தை, எங்கள் ஒழுகும் ஓட்டு வீட்டோடு ஒப்பிடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உண்மையில் ஃபேக்டரியில் வேலை முழுவதையும் செய்தவர் டேனியல் சார். சுவரில் துளை போட்டதும், வயரை இழுத்ததும், முனைகளுக்குக் கிளிப் அடித்ததும் அவர்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வயரின் முனையிலும் அது எங்கே போகிறது என்று எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். வீட்டுக்கு வந்து, “மூணு கம்ப்யூட்டரும் இன்னிக்குப் பேசிக்கிச்சு, நான்தான் பேச வெச்சேன்” என்றேன்.

திறப்புவிழாவுக்கு நாள் குறித்தார்கள். டேனியல் சாருக்கு அன்றைக்குக் கோயம்புத்தூரில் ஏதோ வேலை. “நீ போய் நின்னாப் போதும் யோகேஸ்வரி. யாரும் எதையும் தொடாமப் பாத்துக்கோ. நீயும் தொடாத” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டில், “எல்லாத்தையும் நீயே பாத்துக்கோன்னு சொல்லிட்டார்மா” என்றேன். அம்மா அரைநாள் லீவு போட்டார். பட்டுப்புடவை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. எனக்கு அது, அம்மாவுக்குச் சின்னத்தையிடம் இரவல் வாங்கிய இன்னொன்று.

முதலாளி பொன்னுசாமி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் அவருக்கு. மூன்று கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டிருந்தார். ஆபீஸில் பீரோவுக்கு மேல் வைத்திருந்த ஸ்விட்ச் பெட்டிக்குச் சந்தனம் வைக்கப் போனவர், கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லா வயரும் வந்து சேருகிற பெட்டி அதுதான்.

“ஏனுங்கம்மிணி, இந்தப் பொட்டிக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்க?”

“லைட்டு எரியற பக்கமுங்க சார்” என்றேன், கொஞ்சமும் தயங்காமல். (இன்றுவரை இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.)

பெட்டி சந்தனக் குங்குமத்தோடு மங்களகரமாக உட்கார்ந்தது. பழைய தராசை அன்று காலையிலேயே கழற்றி மாடிக்கு அனுப்பிவிட்டிருந்தார் முதலாளி. “இனிமே அந்தப் பேச்சே கிடையாதுங்க” என்று, வந்திருந்த சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் கொழுந்து லாரிகள் வர ஆரம்பித்தன. முதல் லாரி அப்பாவுடையது. முதல் மூட்டை எடை ஏறியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எண் தெரிந்தது. கீழே பிரிண்டரிலிருந்து சீட்டு நாக்கை நீட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா லாரியில் சாய்ந்தபடி, யாரோ தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்பச் சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் நிற்பார்.

இத்தோடு நான் அம்மாவை அழைத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. ஆபீஸுக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைக் காட்டினேன்.

“இதுதாம்மா எல்லாத்துக்கும் தலைமை. எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பினாலும் இது வழியாத்தான் போகணும்.”

அம்மா பெட்டியைக் கும்பிட்டுவிட்டு, உற்றுப் பார்த்தார். “எல்லா வயரும் ஓட்டைக்குள்ள இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் புள்ள சும்மா தொங்குது?”

பார்த்தேன். பீரோவின் ஓரத்தில் ஒரு வயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஸ்டிக்கர் இல்லை. அது எங்கிருந்து வருகிறது, எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்வது கஷ்டம்.

“ஓ, அதுவா? கழண்டிருக்கும்” என்று சொல்லி, காலியாக இருந்த ஓர் ஓட்டையில் செருகினேன். ‘டக்’ என்று அழகாக உட்கார்ந்தது.

அதுவரை அந்தப் பெட்டியில் பச்சை விளக்குகள் நிதானமாக, ஒன்று விட்டு ஒன்று, கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. செருகின மறுநொடி எல்லா விளக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன, மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் லைட் மாதிரி.

“இப்பத்தான் புள்ள பாக்க லட்சணமா இருக்கு” என்றார் அம்மா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேலை மும்முரமாக நடக்கிறது என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. “சீட்டு வரல! ஸ்க்ரீன் அப்படியே நின்னுபோச்சு!”

ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதுவும் நின்றிருந்தது. முதலாளி அறையிலிருந்ததும் அப்படியே. மூன்றும் மாலை போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அந்த மாலைகளின் அர்த்தமே மாறிவிட்டதுபோல் இருந்தது.

சீட்டு இல்லாமல் மூட்டையை இறக்க, லாரிகளோடு வந்திருந்த விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை. எடைக்கு அத்தாட்சி அந்தச் சீட்டுதான். அப்பாவின் லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு ஜீப், பிறகு இன்னும் லாரிகள். வரிசை கேட்டைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவைச் சுற்றிக்கொண்டு போனது. வளைவுக்கு மேலே மாட்டிக்கொண்ட பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

கொழுந்து காத்திருக்காது. மூட்டைக்குள் அமுக்கிக் கட்டிய பச்சை இலை தானாகவே சூடேறும். நேரமானால் சிவந்து கெட்டுப்போகும். அதை இறக்கி, உதறி, காற்றோட்டமாகப் பரப்ப வேண்டும். ஃபேக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் போஜன் அண்ணன், படுகர் ஆள், வரிசையாக மூட்டைகளுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். காய்ச்சல் கண்ட குழந்தைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் நீண்டது.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எடை மேடைக்கு ஓடி அதையும் அணைத்துப் போட்டேன். (அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.) டேனியல் சாருக்குப் போன் அடித்தேன். மலைப்பாதையில் எங்கோ வந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது, லைனே கிடைக்கவில்லை.

“என்னாச்சுங்கம்மிணி?” முதலாளி வந்து நின்றார். பின்னால் அவருடைய சொந்தக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் போஜன் அண்ணன், வாசலில் அப்பா.

மூளை வேலை செய்யாத நேரத்தில் வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும் ராசி எனக்கு. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. “பனிங்க சார். பெட்டிக்குள்ள ஈரம் போயிருச்சு” என்றேன்.

எல்லோரும் பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். போஜன் அண்ணன் முகம் மட்டும் சட்டென்று மலர்ந்தது.

“ஈரம்தானே? இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? டிரையர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பக்கத்துல வெச்சா ஒரு நிமிஷத்துல காஞ்சிடும். கழட்டிக் குடு!”

“ஆமாங்கம்மிணி, கழட்டிக் குடுங்க” என்றார் முதலாளி.

நல்ல டீத்தூளை மொறுமொறுப்பாக உலர்த்தும் யந்திரம் அது. அதன் பக்கத்தில் வைத்தால் பெட்டி உருகி, சந்தனமும் குங்குமமும் மட்டும் திரும்பி வரும். ஆனால் ஈரம் என்று சொன்னது நான். போஜன் அண்ணன் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

வேறு வழியில்லாமல் ஸ்டூல் மேல் ஏறி வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தேன். எடை மேடை வயரைப் பிடுங்கினேன். ஆபீஸ் வயர். பிரிண்டர் வயர். முதலாளி அறை வயர். எவ்வளவு மெதுவாகப் பிடுங்க முடியுமோ அவ்வளவு மெதுவாக.

அப்போதுதான் கவனித்தேன். ஸ்டிக்கர் ஒட்டிய வயர் எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. பேச ஒரு கம்ப்யூட்டர்கூட மிச்சமில்லை. ஆனாலும் இரண்டு விளக்குகள் இன்னும் வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

யாரோடு பேசுகிறது இது?

கை தானாக நின்றது. ஹாரன் சத்தமும் போஜன் அண்ணனின் மூச்சு வாங்கலும் எங்கோ தூரத்தில் கேட்டன. கொஞ்சம் முன்பு நான் செருகிய அந்த ஸ்டிக்கர் இல்லாத வயரைப் பிடித்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். பீரோவின் ஓரமாக இறங்கி, பின்பக்கம் சுருண்டு, சுவரை ஒட்டி மறுபடி மேலே ஏறி, அதே பெட்டியின் இன்னோர் ஓட்டையில் போய் முடிந்தது. டேனியல் சார் தன் லேப்டாப்பை இணைத்துப் பார்ப்பதற்காகச் செருகி விட்டுவைத்த வயர். ஒரு முனை ஏற்கெனவே பெட்டியில் இருந்தது. மறுமுனையையும் நான் அதே பெட்டியில் செருகியிருக்கிறேன். அது தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தது.

பாலிடெக்னிக்கில் இதைப் படித்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் சேதியை, ஸ்விட்ச் தன் எல்லா வாசல் வழியாகவும் வெளியே அனுப்பும். வெளியே போனது சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தால், புதுச் சேதி என்று நினைத்து மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பும். அது மறுபடி வரும். இதற்கு ஏதோ புயல் என்று ஒரு பெயர். பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி முழு மார்க் வாங்கினேன். எழுதியபோது அந்தப் புயல் எனக்குக் கடலூர்ப் பக்கம் வருகிற புயல்போலத்தான் இருந்தது, எங்கள் மலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லாதது. இப்போது அது என் விரலுக்கு நடுவில் இருந்தது.

வயரைப் பிடுங்கினேன். இரண்டு விளக்குகளும் அணைந்தன.

மற்ற வயர்களைத் திரும்பச் செருகினேன். எது எங்கே என்ற குழப்பமே இல்லை. அந்த ஃபேக்டரியில் நான் உருப்படியாகச் செய்திருந்த ஒரே வேலை ஸ்டிக்கர் ஒட்டியதுதான், அது கைகொடுத்தது. விளக்குகள் பழையபடி ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின. கீழேயிருந்து, “சீட்டு வந்திருச்சு!” என்று கூச்சல் கேட்டது. கேட்டில் யாரோ விசில் அடித்தார்கள்.

“பனி போயிருச்சுங்களா?” என்றார் முதலாளி.

போயிருச்சுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயம் எனக்கு உண்மையாகவே புரிந்திருக்கிறது. அதைப் போய்ப் பனியின் பெயரில் எழுதி வைப்பதா? வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவே முடியவில்லை.

“பனி இல்லைங்க சார். நான்தான்” என்றேன். ஸ்டூலிலிருந்து இறங்காமலே, வயரின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் தூக்கிக் காட்டினேன். “எங்க லயத்துல பைப்புல தண்ணி வந்தா, மொத வூட்டுல ‘தண்ணி வந்துருச்சு’ன்னு கத்துவாங்க. அதக் கேட்டு அடுத்த வூட்டுல கத்துவாங்க. அப்படியே கடைசி வூடு வரைக்கும் போயி சத்தம் நின்னுரும். அதே லயத்த வட்டமா கட்டியிருந்தா? கடைசி வூட்டுக்காரங்க கத்துறது மொத வூட்டுல கேக்கும். அவங்க திரும்பக் கத்துவாங்க. சத்தம் நிக்கவே நிக்காது. அந்தச் சத்தத்துல வேற யாரு பேசினாலும் காதுல வுழாது. நான் இந்த வயரச் செருகி லயத்த வட்டமாக்கிட்டேன் சார்.”

அம்மா, “வூட்டுக்கு வா, உன்ன வட்டமாக்குறேன்” என்று முணுமுணுத்தார்.

போஜன் அண்ணன் ஏந்திய கைகளை மெதுவாகக் கீழே இறக்கினார். “அப்ப ஈரம் இல்ல?” என்றார். குரலில் அவ்வளவு ஏமாற்றம்.

முதலாளி வயரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மூட்டையெல்லாம் எறங்கட்டுங்க. அப்பறம் பேசிக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். டேனியல் சாரிடம் என்ன சொல்வது, லயத்தில் எப்படித் தலை காட்டுவது என்று யோசித்தபடி கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

லாரிகள் எல்லாம் போன பிறகு முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஆபீஸில் அவருடைய சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அம்மிணி, அந்த வயரை இன்னொருக்காச் செருகிக் காட்டுங்க. இவியளுக்கும் பாக்கோணுமாம்.”

செருகினேன். விளக்குகள் வெறி பிடித்தன. “ஓ!” என்றார்கள். பிடுங்கினேன். அடங்கின. “அட!” என்றார்கள். இன்னொரு தடவை கேட்டார்கள். முதலாளியின் மாமனார் தானே எழுந்து வந்து செருகிப் பார்த்தார். அந்த அமளியில் என் போன் அடித்தது. டேனியல் சார்.

“எல்லாம் நல்லா முடிஞ்சுதா? யாரும் எதையும் தொடலையே?”

“தொட்டுக்கிட்டு இருக்காங்க சார்” என்றேன்.

சில மூட்டைகள் சிவந்து போயிருந்தன. போஜன் அண்ணன் அவற்றைத் தனியாக ஒதுக்கிப் போட்டார். அப்புறம் ரொம்ப நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் அடுத்த முறை ஏதோ வேலை வந்தபோது முதலாளி டேனியல் சாரிடம், “அந்த அம்மிணியவே அனுப்புங்க. அதுக்குக் கெடுக்கவும் தெரியும், சரி பண்ணவும் தெரியும்” என்றாராம். என்னைப் பற்றி யாரும் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்று குன்னூர், கோத்தகிரி, அருவங்காடு பக்கமெல்லாம் பல ஃபேக்டரிகளிலும் பள்ளிகளிலும் நான் போட்ட நெட்வொர்க்தான் ஓடுகிறது. நிஜமாகவே நான் போட்டது. வேலை கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் முதல் நாளே ஒரு வயரின் இரண்டு முனையையும் ஒரே பெட்டியில் செருகச் சொல்லி, அந்தக் கூத்தைக் காட்டிவிடுவேன்.

அம்மா இந்தக் கதையைச் சொல்லும் விதம் வேறு. அதில் பட்டுப்புடவை வரும், லாரி வரிசை வரும். (முதலில் வளைவு வரை நின்ற வரிசை, போன தீபாவளிக்கு வெலிங்டன் தாண்டிவிட்டது.) பெரிய பெரிய ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். “எம்புள்ள ஸ்டூல் மேல ஏறுனா, ஒத்த வயரப் புடுங்குனா, மொத்த ஃபேக்டரியும் ஓட ஆரம்பிச்சுருச்சு” என்று முடிப்பார். உடனே அப்பா, எங்கே இருந்தாலும், “செருகுனது யாருன்னு கேளுங்க” என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அம்மா இதைச் சொன்னார். அப்பாவும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவலாஞ்சியில் மின்வாரிய வேலையில் இருந்த மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், “இன்னொரு முனை எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். நான் அப்போதே சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் லயத்துக்குப் போயிருந்தபோது, புதிதாகக் குடிவந்த வீட்டுக்காரர்களிடம் அம்மா மறுபடியும் ஆரம்பித்தார். ஒத்த வயரைப் புடுங்கினா என்று முடித்ததும் அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் என் மகள் கட்டிலின் மேல் ஏறி நின்று, பள்ளியில் முதல் பரிசு வாங்கியதை அறிவிக்கிற குரலில், அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“செருகுனதும் எங்கம்மாதான்!”